டியூனிங் எங்கே போனது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்துவிட்டார். 2021 மாடல், 125 சிசி வண்டி.

"அண்ணே, மைலேஜ் சுத்தமா விழுந்துபோச்சு. கொஞ்சம் டியூன் பண்ணிக் குடுங்க" என்றார்.

"இந்த வண்டியில டியூன் பண்ண ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. வேலை தெரியாதவனிடம் வந்துவிட்டோமோ என்று யோசிப்பது தெரிந்தது.

அவர் மேல் குற்றமில்லை. சென்னையில் எந்த மெக்கானிக் கடைக்குப் போனாலும் நாற்பது வருடமாகக் காதில் விழுந்த சொல் டியூனிங்தான். நானே 1982-இல் மந்தைவெளியில் ஒரு கடையில் பையனாகச் சேர்ந்தபோது கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட முதல் வேலை அதுதான். 1990-களின் கடைசியில் தரமணியில் சொந்தமாகக் கடை போட்டேன். இத்தனை வருடத்தில் வண்டி மாறியது மட்டுமில்லை, அது பழுதாகும் விதமும் மாறிவிட்டது. சரிசெய்வது என்றால் என்ன என்பதே இன்று வேறு. இது தெரியாமல் வாடிக்கையாளருக்கும் மெக்கானிக்குக்கும் நடுவே வரும் மனத்தாங்கலைத் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் டியூனிங் என்ற அந்த வேலை என்னவாக இருந்தது, எங்கே போனது என்று முதலிலிருந்து சொல்லலாம் என்று நினைத்தேன்.

நான் சேர்ந்த கடைக்கு வந்த வண்டிகளில் பாதி புல்லட். மெட்ராஸில் அதில் ஆச்சரியமில்லை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் கப்பலில் வந்த பாகங்களைக் கொண்டு புல்லட்டைப் பூட்டினார்கள், சில வருடங்களில் எல்லாவற்றையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனி 1970 வாக்கில் மூடிப்போனது. திருவொற்றியூர் மட்டும் அதே வண்டியை அதே மாதிரி செய்துகொண்டே இருந்தது. அதனால் 1960-களில் வேலை கற்ற ஒருவர், 1990 வரை புதிதாக ஒன்றும் படிக்காமலே புல்லட் பார்க்க முடிந்தது. ஒரு தொழிலாளிக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரைக் கடையில் எல்லோரும் அண்ணன் என்போம். அவர் புல்லட் டியூன் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இப்படி இருக்கும். முதலில் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் பாயிண்ட் மூடியைக் கழற்றுவார். உள்ளே இரண்டு சின்ன முனைகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும். அவை விலகும் நொடியில்தான் பிளக்கில் தீப்பொறி வரும். முழுதாக விலகும்போது நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, அதாவது 0.4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முனை கருகியிருந்தால் மெல்லிய அரம் கொண்டு இரண்டு இழுப்பு. பிறகு சிகரெட் பெட்டியில் இருக்கும் மெல்லிய தாளைக் கிழித்து முனைகளுக்கு நடுவில் வைப்பார். ஒரு கையால் தாளை லேசாக இழுத்துக்கொண்டே இன்னொரு கையால் எஞ்சினை மெதுவாகச் சுற்றுவார். தாள் பிடிவிட்டு நழுவும் இடம் எதுவோ அதுதான் தீப்பொறி விழும் இடம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்னால் அது நடக்கிறது என்பதைப் பார்த்து டைமிங்கைத் திருப்பி வைப்பார்.

அடுத்தது டாப்பெட். சிலிண்டரின் வலப்பக்கம் கீழே ஒரு சின்ன மூடி. அதைத் திறந்தால் இரண்டு கம்பிகள் நிற்கும். வால்வைத் தள்ளிவிடும் புஷ் ராடுகள் அவை. எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்தக் கம்பி இரண்டு விரலுக்கு நடுவில் தடையில்லாமல் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இதை அளக்கக் கருவி கிடையாது, விரல்தான். அண்ணன் என் விரலைப் பிடித்து அந்தக் கம்பியில் வைத்து, "இது இறுக்கம். இது லூசு. இதுதான் சரி" என்று மூன்று முறை காட்டினார். அந்த மூன்றாவது, இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது.

கடைசியில் கார்புரேட்டர். அது எளிமையான பொருள். எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாக வேகமாகப் போகும். அந்த வேகம் ஊசித் துளை அளவுள்ள ஜெட் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி எடுத்துக் கலக்கும், அவ்வளவுதான். மழையா வெயிலா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, பிஸ்டன் தேய்ந்திருக்கிறதா என்பது எதுவும் அதற்குத் தெரியாது. அந்த அறியாமையை ஈடுகட்டத்தான் ஒரு ஏர் ஸ்க்ரூ. முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, பிறகு காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே முன்னும் பின்னும் கால் சுற்று. சத்தம் உருண்டு சீராக நிற்கும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.

பாயிண்ட், டாப்பெட், கார்புரேட்டர். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் டியூனிங். வண்டி ஓட ஓட மூன்றும் நிலை மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்து வண்டியைச் செய்தவர்களே ஒரு மெக்கானிக்கின் கையை நம்பித்தான் செய்தார்கள். திருப்பிச் சரிசெய்துகொள்ள வழிவைத்தே வண்டியை வெளியே அனுப்பினார்கள்.

மீதிப் பாதி வண்டிகள் டூ ஸ்ட்ரோக். லாம்பிரெட்டா, பஜாஜ், ராஜ்தூத், மைசூரில் செய்த ஜாவா, அதுவே பெயர் மாறி வந்த யெஸ்டி. இவற்றுக்கு எஞ்சின் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். வண்டிக்குத் தக்கபடி லிட்டருக்கு 20 மில்லி முதல் 50 மில்லி வரை. அந்த ஆயில் முழுக்க எரியாது. கரியாகிப் படியும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை சைலன்சர் அடைத்து வண்டி மூச்சுத் திணறும். கடைக்குப் பின்னால் விறகு மூட்டி, சைலன்சரின் உள் குழாயைத் தீயில் போட்டு, கரியை எரித்துத் தட்டி எடுப்பது பையன்களின் வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அந்தப் புகையை நாங்கள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பெரிய வேலை என்றால் போர் போடுவது. சிலிண்டர் தேய்ந்தால் அதைத் தூக்கிப் போடமாட்டோம். லேத்துக்குக் கொண்டுபோய்க் கால் மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் போடுவோம். அது தேய்ந்தால் அரை, பிறகு முக்கால், பிறகு ஒன்று. மேலும் நாலு ஆயுள் ஒரு சிலிண்டருக்கு. இப்படிப் பாடுபட்டதற்குக் காரணம் மெக்கானிக்கின் நேர்மை மட்டுமில்லை. புது வண்டி கிடைக்காது. எந்தக் கம்பெனி எத்தனை வண்டி செய்யலாம் என்று அரசாங்கம் உரிமம் கொடுத்து வரம்பு கட்டியிருந்த காலம். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். கையில் வந்த வண்டியை இருபது வருடம் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஊர் முழுக்கப் பழுது பார்க்கும் திறமை அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்ததற்கு இந்தப் பற்றாக்குறைதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு ஜப்பான் வண்டிகள் வந்தன. வெளிநாட்டுக் கூட்டுக்கு அரசாங்கம் வழிவிட்டதும், 1984 முதல் 1986-க்குள் நான்கு 100 சிசி வண்டிகள் வரிசையாக இறங்கின. நம்ம ஓசூரிலிருந்து இண்ட் சுசுகி, பிறகு ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100, கவாசாகி பஜாஜ். மூன்று டூ ஸ்ட்ரோக், ஹீரோ ஹோண்டா மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக்.

கடைக்கு முதல் சி.டி. 100 வந்தபோது மேக்னெட் மூடியைத் திறந்து பாயிண்டைத் தேடினேன். இல்லை. ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதிலிருந்து நாலு ஒயர். அதுதான் சி.டி.ஐ. என்று பிறகு தெரிந்தது. உரசித் தேயும் முனை எதுவும் இல்லாமல் மின்னணு முறையில் தீப்பொறியைக் கொடுக்கும் பெட்டி. "இல்லாததத் தேடாதடா" என்றார் அண்ணன். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. டியூனிங்கில் மூன்றில் ஒரு பங்கு அன்றைக்கே போய்விட்டது. எங்களுக்குத்தான் அது உடனே புரியவில்லை.

அந்தப் பெட்டியைப் பழுது பார்க்க முடியாது. உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருக்கும். நன்றாக இருக்கிறதா, கெட்டுப்போனதா, இரண்டில் ஒன்று. கெட்டால் புதுசு. எங்கள் தொழிலில் மாற்றிப் போடுவது என்ற வேலை இப்படித்தான் உள்ளே நுழைந்தது.

சி.டி. 100 எங்கள் பிழைப்பைக் கெடுத்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். பெட்ரோல் போட்டு மூடினால் போதும், வேறு கவலை வேண்டாம் என்பதுதான் அதன் விளம்பரமே. நடந்தது நேர்மாறு. ஒரு வண்டிக்கு வேலை குறைந்தது, ஆனால் வண்டிகள் பல மடங்கு பெருகின. ஆபீஸ் போகிறவர், பால்காரர், மெடிக்கல் ரெப் எல்லோரும் வண்டி வாங்கினார்கள். 1994-இல் ஸ்ப்ளெண்டர் வந்த பிறகு வண்டி என்பது வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது.

ஆர்.எக்ஸ். 100-ஐப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. 98 சிசியில் 11 குதிரைத்திறன். கைப்பிடியைத் திருகியதும் பாயும். இன்றைக்கும் பையன்கள் பழைய வண்டியைத் தேடிப் பிடித்து, புது வண்டி விலைக்கு மேலே செலவழித்து எடுக்கிறார்கள். 1996-இல் அது நின்றுபோனது. அதை நிறுத்தியது வாடிக்கையாளர் இல்லை, புகைச் சட்டம்.

டூ ஸ்ட்ரோக் ஏன் அந்தச் சட்டத்தில் தேறவில்லை என்பது சுலபமாகப் புரியும். அதில் ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பது போன்ற வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் துளைகள்தான். எரிந்த புகை வெளியே போகும் துளையும், புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வரும் துளையும் கொஞ்ச நேரம் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். உள்ளே வரும் கலவை புகையை வெளியே தள்ளும். தள்ளும் வேகத்தில் தானும் கொஞ்சம் எரியாமலே வெளியே போய்விடும். நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல், ஆயிலோடு சேர்ந்து அப்படியே தெருவுக்கு. எந்த மெக்கானிக் எப்படி டியூன் செய்தாலும் அந்தத் துளைகளின் இடத்தை மாற்ற முடியாது. 1991-இல் தொடங்கிய புகை வரம்புகள் 1996-லும் 2000-லும் இறுகின. டூ ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. விறகு மூட்டிச் சைலன்சர் எரிக்கும் வேலை என் கடையில் 2005-க்குப் பிறகு இல்லை.

இதற்கிடையே தரமணி மாறியது. நான் கடை போட்டபோது இந்தப் பக்கம் பாலிடெக்னிக் வளாகம், கல்லூரி, ஆய்வு நிலையங்கள், மரங்கள், பழைய மாமல்லபுரம் சாலையில் எப்போதாவது ஒரு பஸ். 2000-இல் டைடல் பார்க் திறந்தது. அடுத்த வருடமே பல்சர் வந்தது. முதல் சம்பளத்தில் முன்பணம் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி, கறுப்புப் பல்சரோடு நிற்கும் பையன்கள் என் வாசலில் வரிசை கட்டினார்கள். அவர்களுக்கு வண்டி இருபது வருடச் சொத்து இல்லை. நாலு வருடம் ஓட்டி விற்றுவிட்டு அடுத்தது. போர் போடும் வேலை அருகிப்போனது. கம்பெனிகளும் சிலிண்டரையும் பிஸ்டனையும் ஒரே செட்டாக விற்க ஆரம்பித்தன. கழற்று, மாட்டு, முடிந்தது. லேத் பட்டறைகள் பல மூடிவிட்டன. எனக்குத் தெரிந்த ஒரு கடைசல்காரர், கண்ணால் பார்த்தே சிலிண்டரின் தேய்மானத்தைச் சொல்லிவிடுவார். அவர் கடைசியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலைக்குப் போனார்.

டியூனிங்கின் மூன்றில், டாப்பெட் பார்ப்பது எப்போதாவது வரும் சர்வீஸ் வேலையாகச் சுருங்கியது. கார்புரேட்டர் 2020 வரை மிச்சம் இருந்தது.

பாரத் ஸ்டேஜ் என்று சொல்கிறார்களே, அந்தப் படிகள் இருசக்கர வண்டிக்கு இப்படி வந்தன: 2005-இல் இரண்டு, 2010-இல் மூன்று, 2017-இல் நான்கு. ஐந்தைத் தாண்டிவிட்டு 2020 ஏப்ரல் 1-இல் நேராக ஆறு. 2017-இல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். மூன்றாம் படி வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கவே கூடாது என்று மார்ச் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிச்சமிருந்த இரண்டே நாளில் கம்பெனிகள் தள்ளுபடி போட, ஷோரூம்களில் ஜனம் அலைமோதியது. ஆறாம் படி வந்தபோது அந்தச் சந்தடி இல்லை. ஊரடங்கு நடுவில், என் கடையும் ஷட்டர் இறக்கியிருந்த வாரத்தில், கார்புரேட்டரின் காலம் ஓசையில்லாமல் முடிந்தது. ஒன்றிரண்டு மலிவு மாடல் தவிர, அதற்குப் பிறகு வந்த எல்லா வண்டியும் எஃப்.ஐ., அதாவது பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இன்று நீங்கள் ஓட்டுவது அதைத்தான். பெட்ரோல் டேங்க்குக்குள் ஒரு சின்ன மின் மோட்டார் பம்பு இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் இரண்டு நொடி "ஸ்ஸ்ஸ்" என்று கேட்கிறதே, அது இதுதான். அது பெட்ரோலை அழுத்தத்தோடு இன்ஜெக்டருக்கு அனுப்பும். இன்ஜெக்டர் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் திறந்து மூடும். எவ்வளவு நேரம் திறப்பது என்பதை முடிவு செய்வது ஈ.சி.யூ. என்ற பெட்டி. அதற்குப் பல கண்கள்: எவ்வளவு கைப்பிடி திருகியிருக்கிறீர்கள், காற்றின் அழுத்தம் என்ன, எஞ்சின் எவ்வளவு சூடு, என்ன வேகத்தில் சுற்றுகிறது. சைலன்சர் குழாயில் இன்னொரு சென்சார், எரிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். மிச்சம் இருந்தால் பெட்ரோல் போதவில்லை, இல்லாவிட்டால் அதிகம். ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற கணக்கிலிருந்து விலகாமல் இருக்க, அந்தப் பெட்டி ஓட்டத்திலேயே விடாமல் திருத்திக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கு நழுவினால் சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யாது. அதனால்தான் வெளியே திருகாணி வைக்கவில்லை. மெக்கானிக் கை வைக்கக் கூடாது என்பது அந்த வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது.

டியூனிங் எங்கே போனது என்றால், அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது. அண்ணன் மாதத்துக்கு ஒரு தடவை காதால் கேட்டுச் செய்ததை அது ஓட்டம் முழுக்கச் செய்துகொண்டே இருக்கிறது. நேர்மையாகச் சொல்கிறேன், அண்ணனைவிட நன்றாகவே செய்கிறது.

அப்படியானால் மெக்கானிக்குக்கு என்ன வேலை? கண்டுபிடிப்பதுதான். இப்போதெல்லாம் பழுதை நீக்குவதற்குப் பத்து நிமிஷம், அது எது என்று கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம். போன மழைக்காலத்தில் எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சந்திப்புப் பக்கமிருந்து ஒரு பையன் நனைந்துகொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். செல்ஃப் சுற்றவே இல்லை. பேட்டரி சரி, ஃபியூஸ் சரி. குனிந்து பார்த்தால் சைடு ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு கட்டியிருந்தது. ஸ்டாண்ட் இறக்கியே இருக்கிறது என்று பெட்டி நினைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்ப மறுத்திருக்கிறது. தண்ணீர் அடித்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். வண்டி நின்றதற்கு எஞ்சின் காரணமே இல்லை. அந்தப் பையனிடம் காசு கேட்க எனக்கே தயக்கமாக இருந்தது. என்ன செய்தாய் என்றால் சேற்றைக் கழுவினேன் என்றுதான் சொல்ல முடியும். ஆனால் எந்தச் சேறு என்று தெரிந்ததுதான் நாற்பது வருட வேலை.

ஸ்கேனர் இந்தக் கண்டுபிடிப்புக்கு உதவும் கருவி. சீட்டுக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டில் மாட்டினால் எந்தச் சென்சாரில் கோளாறு என்று ஒரு எண் வரும். எண் வருவதால் அந்தச் சென்சார்தான் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒயரை எலி கடித்திருந்தாலும், கனெக்டரில் பச்சை பூத்திருந்தாலும் அதே எண்தான். எண்ணைப் பார்த்ததும் சென்சாரை மாற்றுகிறவர் உங்கள் காசை வீணாக்குகிறார். ஒயரை மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு மாற்றுகிறவர்தான் மெக்கானிக். கம்பெனிகள் தங்கள் ஸ்கேனரைத் தங்கள் டீலருக்கு மட்டும்தான் தருகின்றன. எங்களைப் போன்றவர்கள் பல கம்பெனிக்கும் பொதுவான ஸ்கேனரைச் சொந்தக் காசில் வாங்குகிறோம். புது மாடல் வந்தால் அதற்கும் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். பழுது பார்க்கும் உரிமை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் ஓர் இணையதளம் தொடங்கியது. பாகங்களும் கையேடுகளும் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த நோக்கம் என் கடை வாசல் வரை முழுதாக வந்து சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வண்டியை யாரிடம் காட்டுவது என்பது உங்கள் முடிவாக இருக்க வேண்டும்.

பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் உள்ள வித்தியாசம் வெள்ளத்தில் பளிச்சென்று தெரிந்தது. 2015 டிசம்பரில் வேளச்சேரியும் தரமணியும் மிதந்தன. தண்ணீர் வடிந்ததும் தெருவோரமாக வண்டிகளை நிறுத்தி வைத்துக்கொண்டு வேலை பார்த்தோம். பிளக்கைக் கழற்று, கிக்கரை உதைத்துத் தண்ணீரை வெளியே தள்ளு, பால் போல வெளுத்த ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்று, கார்புரேட்டரைக் கழற்றி ஊது, ஏர் ஃபில்டரை மாற்று. பெரும்பாலான வண்டிகள் அன்றே கிளம்பின. 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயல் மழை. அதே தெருக்கள், அதே உயரத் தண்ணீர். ஆனால் ஆறாம் படி வண்டிகளில் ஆயில் மாற்றியதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு கனெக்டராகப் பிரித்து உலர்த்தி, துருவைத் துடைக்க வேண்டியிருந்தது. நன்றாக ஓடிய வண்டி இரண்டு மாதம் கழித்து, உள்ளே ஒயர் பச்சை பூத்து நின்றது. ஒன்று மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. மூழ்கிய வண்டியில் செல்ஃப் போடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும். தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வேறு சில விஷயங்களும் இதே மாதிரி மாறியிருக்கின்றன. முன்பு டேங்க்கில் ரிசர்வ் என்று ஒரு குழாய் திருகி இருந்தது, காலியாகும்வரை ஓட்டினோம். இப்போது டேங்க்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள பெட்ரோல்தான். எப்போதும் சொட்டு சொட்டாகப் போட்டு ஓட்டினால் பம்பு சீக்கிரம் போகும். பேட்டரி செத்தாலும் முன்பு தள்ளிக் கிளப்பலாம். இப்போது பேட்டரி முழுக்கச் செத்தால் பம்பும் பெட்டியும் விழிக்காது, தள்ளி என்ன பயன்? ஆயிலும் அப்படித்தான். கியர் வண்டியில் கிளட்ச் பிளேட் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடும். கார் ஆயிலை ஊற்றினால் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்று போட்டிருப்பதுதான் கியர் வண்டிக்கு. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்.பி. பாகம் வாங்கும்போது ஜி.பி. ரோடு கடைகளில் ஒரிஜினலும் கிடைக்கும், அதே அட்டைப் பெட்டியில் போலியும் கிடைக்கும். பழைய வண்டியின் சைலன்சர், மட்கார்டு போன்றவற்றுக்குப் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போகலாம். சென்சாருக்கும் பிரேக் பாகத்துக்கும் போகாதீர்கள். பிரேக்கில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இப்போது மின்சார வண்டி. அதன் கதை என் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கிய ஏத்தர், ஐ.ஐ.டி.யின் தொழில் வளர்ப்பகத்தில் வளர்ந்த நிறுவனம். அந்த ஐ.ஐ.டி.யின் ஆய்வுப் பூங்கா தரமணியில்தான் இருக்கிறது. ஏத்தர் வண்டி 2018-இல் பெங்களூரில் விற்பனைக்கு வந்தது, அடுத்த வருடம் சென்னைக்கு. இன்று ஏத்தர் தொழிற்சாலை ஓசூரில், டி.வி.எஸ். ஐக்யூபும் ஓசூரில், ஓலா கிருஷ்ணகிரி மாவட்டத்தில். திருவொற்றியூரில் புல்லட் பூட்ட ஆரம்பித்த மாநிலம்தான் இதிலும் முன்னால் நிற்கிறது.

அந்த வண்டியில் பிளக் இல்லை, ஆயில் இல்லை, வால்வு இல்லை, சைலன்சர் இல்லை. எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அதில் இல்லை. மிச்சம் இருப்பது டயர், பிரேக், பேரிங், ஃபோர்க், ஒயர். பேட்டரிக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் செல்களும், அவற்றைக் கண்காணிக்கும் ஒரு மின்னணுப் பலகையும் இருக்கும். அதைப் பயிற்சி இல்லாமல் திறப்பது உயிருக்கு ஆபத்து. நான் திறப்பதில்லை. என்னிடம் இருக்கும் பையன் ஐ.டி.ஐ. முடித்தவன். அவனை மின்சார வண்டிப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் கடைக்கு வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய புல்லட் ஒன்று வந்தபோது, அவன் விரலைப் பிடித்துப் புஷ் ராடில் வைத்து, இறுக்கம், லூசு, சரி என்று காட்டினேன். அவன் உடனே ஃபீலர் கேஜ் இல்லையா என்று கேட்டான்.

இன்று என் கடைக்கு அதிகம் வருகிறவர்கள் சாப்பாடு கொண்டுபோகும் டெலிவரிப் பையன்கள். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறார்கள். ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய சோறு இல்லை. கம்பெனி சர்வீசில் வண்டியை விட்டுவிட்டுச் சாயங்காலம் வா என்றால் அவர்களால் முடியாது. தெருமுனை மெக்கானிக் இன்னும் தேவைப்படுவது முதலில் இவர்களுக்குத்தான். இவர்களுக்காகவே நான் ராத்திரி பத்து மணி வரை கடை வைத்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தவரிடம் திரும்புகிறேன். அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, டீ சொல்லிவிட்டு, ஸ்கேனரை மாட்டினேன். கோளாறு எண் எதுவும் இல்லை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். முக்கால் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் இறுக்கம். போன சர்வீசில் யாரோ முறுக்கிவிட்டிருக்கிறார்கள். செயின் கம்பி மாதிரி விறைத்திருந்தது. பின் டயரில் 30-க்கு மேல் இருக்க வேண்டிய காற்று 18. ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கைப்பிடி மண். எஞ்சின் கணக்குத் தப்பாமல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. வண்டிதான் தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

பிரேக்கைத் தளர்த்தி, செயினுக்கு இரண்டு விரல் ஆட்டம் விட்டு, காற்றடித்து, ஃபில்டரை மாற்றினேன். சீட்டு எழுதிக் கொடுத்தேன்: ஃபில்டர், செயின் வேலை, பிரேக் வேலை, செக்கிங். அவர் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"செக்கிங்னா என்னண்ணே?"

"நீங்க டீ குடிச்சிட்டு இருந்தப்ப நான் பண்ணது சார். டியூனிங்குன்னு கேட்டீங்கள்ல, இப்ப அதுக்குப் பதிலா இதுதான்."

கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தார். பிறகு பின் சக்கரத்தைத் தானே ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். அது நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. பர்ஸை எடுத்தார்.